சொல்லவிடாத தங்கை எழுதுவது

எங்கள் அண்ணா மட்டுவிலில் பிறந்து, சுவிஸ் நாட்டின் லாங்கன்தாலில் கண்மூடினார். இரண்டுக்கும் இடையில் அறுபத்தொரு வருடங்கள். அவற்றில் ஏழு வருடங்களை மட்டும் எங்கள் குடும்பம் இதுவரை எவருக்கும் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கு, "அவர் அப்ப வவுனியாப் பக்கம் வியாபாரம்" என்று சொல்லி வந்தோம். அந்தப் பொய்யைத் தொடங்கியவர் எங்கள் அம்மா. அம்மாவுக்குப் பிறகும் அதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அண்ணாவின் இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று முடிவானபோது என் கணவர், "அந்த ஏழு வருசத்தை விட்டிட்டு எழுதுமன், ஆர் கவனிக்கப் போகினம்?" என்றார். அவர் நல்ல மனிதர், வம்புக்குப் போகாதவர். ஆனால் அந்த ஏழு வருடத்தை விட்டுவிட்டால், அண்ணா அமைதியானவர், அன்பானவர், எல்லோருக்கும் உதவியவர் என்ற மூன்று வரிதான் என் கையில் மிஞ்சும். அதை யார் செத்தாலும் எழுதுகிறார்கள். என் அண்ணாவுக்கு நான் செய்ததற்கு அந்த மூன்று வரி போதாது. ஆகையால் உறவினர்களும் நண்பர்களும் பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கோபம் வந்தால் என்னோடு கோபியுங்கள்.

எங்களைப் பெற்ற ஐயா இறந்தபோது அண்ணாவுக்குப் பதினாறு வயது. எனக்கு எட்டு. அன்றைக்கே பள்ளிக்கூடப் புத்தகங்களை அடுக்கிவைத்துவிட்டு ஒரு தேத்தண்ணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார், சுவிஸில் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்துக் கட்டிக்கொடுத்தார், கட்டுநாயக்காவில் விமானம் ஏற்றும்போது, "குளிராம், காதை மூடிக்கொண்டு திரி" என்று மட்டும் சொன்னார். தனக்கென்று ஒரு கலியாணம் பேச அவர் எவரையும் விடவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இங்கே வந்தேன். அந்த நேரத்துச் சண்டையில் அம்மாவும் அண்ணாவும் இடம்பெயர்ந்து வன்னி எல்லையில் ஒரு சிறு நகரத்தில் குடியேறினார்கள். அங்கேயும் அண்ணா தேத்தண்ணிக் கடையில்தான் நின்றார். அவர் ஆற்றித் தரும் தேத்தண்ணிக்குத் தனி மதிப்பு இருந்தது. அவருக்குக் கேடு அதனால்தான் வந்தது.

இனி நான் எழுதுவது, அண்ணா கடைசி இரண்டு மாதத்தில் மருத்துவமனைக் கட்டிலில் இருந்து துண்டு துண்டாகச் சொன்னது. அதற்கு முன் அவர் சொல்ல வந்ததுண்டு. நான் கேட்டதில்லை.

அந்த நகரம் அப்போது ஓர் ஆயுதக் குழுவின் கையில் இருந்தது. எந்தக் குழு என்று எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அண்ணாவை மறந்துவிட்டு அதைப் பற்றியே கதைப்பீர்கள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? அந்தக் குழுவின் தளபதியை ஊரார் பெயர் சொல்லப் பயந்து "பெரியவர்" என்றார்களாம். ஒருநாள் காலை அந்தப் பெரியவர் கடை வாசலில் வாகனத்தை நிறுத்தித் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். குடித்து முடித்து, "இவனை ஒரு கிழமைக்கு எங்களோட விடு" என்று முதலாளியிடம் சொன்னார். அண்ணாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்ற மனிதர் சாரத்தோடே வாகனத்தில் ஏறினார். அந்த ஒரு கிழமை ஏழு வருடமாகப் போனது.

பெரியவருக்கு வெந்நீர் வைப்பது, சவரக்கத்தியால் முகம் வழிப்பது, தலைக்கு மை பூசுவது, உடுப்பு அயன் பண்ணுவது, சப்பாத்து மினுக்குவது, கால் பிடித்துவிடுவது, வெளியே போனால் பையும் தண்ணீர்ப் போத்தலும் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பது, படுக்கும்போது அறை வாசலுக்குக் குறுக்கே படுப்பது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. பெரியவருக்கு நஞ்சுப் பயம். அவர் வாய்க்குப் போகும் எதையும் அண்ணா முதலில் ஒரு வாய் உண்ண வேண்டும். உண்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அவர் கண்ணுக்கு முன்னால் கால் மணித்தியாலம் நிற்க வேண்டும். அண்ணா விழவில்லை என்று கண்ட பிறகுதான் பெரியவர் சாப்பிடுவார். ஒரு நாளைக்கு மூன்று தரம், ஏழு வருடம்.

இதற்கு வேலையாள் என்று எழுதலாம்தான். வேலையாள் பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகலாம். அண்ணா இரண்டாம் வருடம் பஸ் நிலையம் வரை போனார். பிடித்துக்கொண்டு வந்து அடித்த அடியில் இடது காது போனது. இன்னொரு தரம் போனால் அம்மா இருக்கும் வீடு தெரியும் என்றார்களாம். அந்தக் குழுவின் வேறொரு பொறுப்பாளர் வீட்டில் கொண்டாட்டம் வந்தபோது, நாங்கள் பெரிய சமையல் கிடாரத்தை இரவல் கொடுப்பதுபோல அண்ணாவை இரண்டு மாதம் இரவல் கொடுத்திருக்கிறார் பெரியவர். அடிமை என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காதை வைத்து இந்த வீட்டில் நாங்கள் செய்யாத பகிடி இல்லை. "மாமாவுக்குத் தேவையானது மட்டும்தான் கேக்கும்" என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அண்ணாவும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார்.

ஊரார் கண்ணுக்கு இவை ஒன்றும் தெரியவில்லை. பெரியவரின் ஆட்கள் பஸ்ஸில் இருந்து இளைஞர்களை இறக்கிக்கொண்டு போவார்கள். போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்த மனிதருக்குப் பின்னால் பையோடு நின்ற அண்ணாவைப் பார்த்தவர்கள் அவரையும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றுதான் நினைத்தார்கள். அம்மா தண்ணி அள்ளப் போன இடத்தில் பெண்கள் விலகி நின்றார்களாம். அதற்குப் பிறகுதான் அம்மா எனக்கு எழுதும் கடிதங்களில் "அண்ணா வியாபாரம்" என்று எழுதத் தொடங்கினார். எனக்கு வேறு வழியாக உண்மையில் பாதி தெரிய வந்தது. பெரியவரோடு இருக்கிறார் என்ற பாதி. எப்படி இருக்கிறார் என்ற மற்றப் பாதியை நான் தேடிப் போகவில்லை.

ஒருநாள் வீதியில் குண்டு வெடித்துப் பெரியவர் இறந்தார். உடுப்பு அயன் பண்ண வேண்டும் என்று அன்று அண்ணாவை வீட்டில் விட்டுப் போயிருந்தார்கள். செய்தி வந்ததும் காவலுக்கு நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். அண்ணா மிச்சச் சட்டைகளையும் அயன் பண்ணி மடித்து அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாராம்.

"ஆள் செத்திட்டார் எண்டு தெரிஞ்ச பிறகும் ஏன் அண்ணை?" என்று கேட்டேன்.

"அரைகுறையில விட்டால் அடி விழும் எண்டு பயம் பிள்ளை."

"ஆர் அடிக்கிறது?"

"அது அப்ப விளங்கேல்லை" என்றார்.

அம்மா அதே வருடம் இறந்துபோக, அண்ணா கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ஒருவாறு இங்கே வந்து சேர்ந்தார். அகதி விசாரணைக்கு முன்னர் அவரை என் குசினி மேசையில் இருத்தி நான் பாடம் சொல்லிக் கொடுத்தேன். "பெரியவற்ற வீட்டில நிண்டது எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ. நீங்களும் ஆக்களைப் பிடிச்ச ஆள் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். கடை வைச்சிருந்தனான், சண்டையில கடை அழிஞ்சுபோட்டுது, அவ்வளவுதான்." அண்ணா எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார். எஃப் என்ற தற்காலிக அனுமதி அட்டை கிடைத்தது. நான் கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். இந்த நாட்டில் அவருக்கு நடந்ததைக் கேட்டு எழுதிவைக்கவென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள் முன்னால் இருந்தபோது, அதையும் நான் கெடுத்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

எங்கள் வீட்டில் அவர் இருந்த முதல் வருடங்களை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நிற்பார், நாலு வயது மகள் வந்தாலும் எழுந்து நிற்பார். வீட்டில் இருக்கும் எல்லா உடுப்பையும் அயன் பண்ணிவைப்பார். என் கணவர் வேலைத்தளத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் எண்ணெய் பிரண்ட காற்சட்டைக்கும் மடிப்பு விழுந்திருக்கும். கட்டில் வாங்கிப் போட்டோம். விடிய எழும்பிப் பார்த்தால் எங்கள் அறை வாசலில் நிலத்தில் கிடப்பார். இவையெல்லாம் தனியாய் இருந்த ஆம்பிளையின் குணங்கள் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு விசயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் எதைச் சமைத்து இறக்கினாலும், மேசைக்குக் கொண்டுபோகுமுன் அண்ணா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைப்பார். மகளின் பால் கஞ்சியிலும் ஒரு வாய். விருந்தாளிக்கு ஊற்றிய தேத்தண்ணியிலும் ஒரு மிடறு. "என்ன அண்ணை, பிள்ளைக்குக் குடுக்க முந்தி எச்சில் படுத்திறியள்?" என்று எரிந்து விழுவேன். "சும்மா பார்த்தனான் பிள்ளை" என்பார். அண்ணைக்குச் சாப்பாட்டில் கொஞ்சம் அவா என்று சினேகிதிகளுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எங்களை நஞ்சில் இருந்து காத்துக்கொண்டிருந்த மனிதரை அப்படிச் சொன்னேன்.

பிறகு ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் அவருக்கு வேலை கிடைத்துத் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார். அங்கே தலைமைச் சமையல்காரி ரோசா என்ற போர்த்துக்கீசப் பெண். வெளியே போகும் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டி உண்டு பார்க்கும் அண்ணாவை ரோசா தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். உப்புக் கூடினால், பால் திரிந்தால் முதலில் கண்டுபிடிப்பது அண்ணாதான். என் வீட்டில் எச்சில் என்று ஏச்சு வாங்கிய காரியத்துக்கு அங்கே வருடக் கடைசியில் எல்லோர் முன்னாலும் கைதட்டினார்கள். அண்ணா தன் வாழ்க்கையில் சந்தோசமாக இருந்த இடம் அந்தக் குசினிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதைத்தான் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். இதில் வரும் தாயிடமும் கேட்டு, அவர் சம்மதத்தோடுதான் அவர் பெயரையும் அவர் மகன் பெயரையும் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், எங்கள் கோயிலில் அன்னதானப் பொறுப்பு என்னிடம் இருந்தது. திருவிழாவுக்கு ஆள் போதவில்லை. சனக் கூட்டம் என்றால் ஒதுங்கிக்கொள்ளும் அண்ணாவை நான்தான் விடாப்பிடியாகக் கூப்பிட்டேன். அண்ணா புது வேட்டி உடுத்து, இரண்டு தரம் முழுகிவிட்டு வந்தார். மடைப்பள்ளியில் அவர் வெட்டியதும் கிண்டியதும் பார்த்து எல்லோரும், "இவ்வளவு நாளும் இந்த மனிசனை எங்க ஒளிச்சு வைச்சிருந்தியள்?" என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

சாமிக்குப் படைக்கும் சர்க்கரைப் பொங்கல் இறக்கியாயிற்று. ஐயர் வந்து பாத்திரத்தைத் தூக்கக் கையை வைத்தார். அந்த நேரம் அண்ணா மூடியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார்.

நைவேத்தியத்தில் வாய் வைத்துவிட்டார். நம்மில் சின்னப் பிள்ளையும் செய்யாத காரியம். ஐயர், "இது இனி ஆகாதம்மா, திருப்பிப் பொங்குங்கோ" என்றார். முந்நூறு பேர் பூசைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குக் கண்மண் தெரியவில்லை. "அவா எண்டால் வீட்டில திண்டுபோட்டு வரக்கூடாதோ? சாமிக்கு முந்தி வாயில வைக்கிற மனிசன் எங்கயும் உண்டோ? வெளிய போங்கோ!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். என்னைவிட எட்டு வயது மூத்தவரை, என்னை வளர்த்தவரை.

சத்தம் கேட்டு வந்தவர்களில் பாக்கியமக்காவும் ஒருவர். பீல் நகரத்தில் இருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் ரயிலில் வந்து, பந்தியில் இளம் பெடியளுக்கு இரண்டாம் தரம் கேட்டுக் கேட்டுச் சோறு போடுகிறவர். அவருடைய மகன் சுகந்தனை அந்த நகரத்தில் பஸ்ஸில் வைத்து இறக்கிக்கொண்டு போனார்கள். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சாப்பாட்டுப் பார்சலோடு மூன்று நாள் பெரியவர் வீட்டுப் படலையில் நின்றும் உள்ளே விடவில்லை. பிறகு மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவன் பசி தாங்கமாட்டான், பசியோடு போனானோ என்பதுதான் அந்தத் தாய் எங்கே போனாலும் சொல்லும் ஒரே கதை. கையைக் கட்டிக்கொண்டு நின்ற அண்ணாவை அவர் உற்றுப் பார்த்தார்.

"தம்பி, உங்களை எனக்குத் தெரியும். அந்தப் பெரியவர் எண்டவனுக்குப் பின்னால பையோட நிக்கிறது நீங்கள்தானே? நான் மூண்டு நாள் அந்தப் படலையில நிண்டு உங்களைக் கண்டனான். என்ர சுகந்தனைக் கண்டனீங்களோ? பிள்ளைக்குச் சாப்பாடு ஏதும் குடுத்தவங்களோ?"

அண்ணா வாயைத் திறந்தார். திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார். ஏழு வருடம் இன்னொருவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வாய் திறக்கப் பழக்கப்பட்ட மனிதர். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். அண்ணா வாயை மூடிக்கொண்டார்.

"அக்கா, நீங்கள் ஆள் மாறிக் கதைக்கிறியள். எங்கட அண்ணை வவுனியாவில வியாபாரம் செய்தவர்" என்று நான் சொன்னேன். பாக்கியமக்கா என்னையும் அண்ணாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி" என்று சொல்லிப் போனார். மன்னிப்புக் கேட்டவர் அவர்.

திரும்பி வரும்போது காரில் அண்ணா சொன்னார்: "நான் கண்டனான் பிள்ளை. அந்த அம்மாவுக்குச் சொல்ல ஒண்டு இருக்கு."

"கண்டதைக் காணேல்லை எண்டு இருங்கோ. இந்தக் கதை வெளிக்கிட்டால் எங்களை ஆரும் அண்டமாட்டினம். இனி அந்த மடைப்பள்ளிப் பக்கம் வரவும் வேண்டாம்."

"ஓம்" என்றார் அண்ணா. பெரியவர் செத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியும் அண்ணா விடுபடவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தேன்.

என்ன கெட்டித்தனம் செய்தும் கதை பரவாமல் இருக்கவில்லை. கலியாண வீடுகளில் அண்ணாவுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாகவே கிடக்கும். கோயிலுக்கு வந்தால் செருப்பு வைக்கும் இடத்தோடு நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். உங்களில் சிலர் என்னிடம் நேரே கேட்டீர்கள். எல்லோருக்கும் நான் வவுனியா வியாபாரத்தைத்தான் சொன்னேன். "அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள்" என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் நீங்கள் அவரை அணைத்திருப்பீர்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு எங்கள் பெயர்தான் பெரிதாகத் தெரிந்தது.

சில வருடத்தில் பாக்கியமக்காவின் கணவர் தவறினார். அண்ணா வேலைக்கு லீவு போட்டு, வெள்ளைச் சட்டை அணிந்து, என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நானும் வாறன். ஒரு நிமிசம் அவவோட கதைச்சால் போதும்." காரில் இடமில்லை என்று சொன்னேன். பின் சீற்றில் என் கைப்பை மட்டும்தான் வந்தது. அதற்குப் பிறகு அண்ணா கேட்கவில்லை.

சென்ற வருடம் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். எல்லாம் தாமதமாகிவிட்டது. இங்குள்ள மருத்துவமனையில் இரண்டு மாதம் இருந்தார். உடம்பு கரையக் கரைய வாய் திறந்தது. அப்போதுதான் நான் முதல் தடவையாகக் காது கொடுத்தேன். ஒரு பகல் அவருக்குச் சூப் பருக்கப் போனேன். வழக்கம்போல ஒரு மிடறு குடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "மிச்சத்தையும் குடியுங்கோ அண்ணை, இது உங்களுக்குத்தானே" என்றேன். "எனக்கோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

அன்றுதான் சுகந்தனைப் பற்றிச் சொன்னார். பெரியவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் அவனை இரண்டு நாள் பூட்டி வைத்திருந்தார்களாம். அண்ணா ஒருவருக்கும் தெரியாமல் சோற்றுக் கோப்பையோடு போனார். பிடிபட்டிருந்தால் மற்றக் காதும் போயிருக்கும். பெடியன் பயத்தில் தொடவில்லை. அப்போது அண்ணா அவனுக்கு முன்னால் இருந்து ஒரு வாய் உண்டு காட்டினார். பிறகு அவன் உண்டான். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் விடிய அவனை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"ஏற்ற முந்தி அவன் ஒண்டு சொன்னவன். அம்மாட்டைச் சொல்லச் சொன்னவன்" என்றார் அண்ணா.

"என்ன அண்ணை?"

"அது அவவுக்கெல்லோ. நீ அவவைக் கூட்டிக்கொண்டு வா, சொல்லுறன்."

"கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் வீட்டுக்குப் போனதும் பழைய பயம் வந்து குந்திவிட்டது. பாக்கியமக்கா வாட்டில் நின்று குழறி அழுதால் என்ன செய்வது? நான் சொன்ன பொய் ஊர் முழுக்கத் தெரிந்தால் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது? அடுத்த கிழமை என்றேன். அடுத்த கிழமை அண்ணாவுக்குக் காய்ச்சல், தேறட்டும் என்றேன். ஒவ்வொரு நாளும் கதவு திறக்கும்போது அண்ணா எனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்ப்பார். வெள்ளிக்கிழமை கூப்பிடுவோம் என்று நான் நினைத்திருந்த கிழமையில், புதன்கிழமை மத்தியானம் அண்ணா போய்விட்டார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு, இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். என் மகள், "மாமாவுக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டாள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ரோசாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "அவர் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி உண்பார், ஒரு கோப்பை நிறைய உண்டு நான் கண்டதில்லை" என்றார். கடைசியில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துப் படைத்தோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அண்ணாவை முகம் சுளிக்காமல் பார்த்த மருத்துவருக்கும் தாதிமாருக்கும், தகனத்துக்கு முதியோர் இல்லத்து ஆட்கள் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வாய்விட்டு அழுத ரோசாவுக்கும், கிரியைகளைக் குறைவில்லாமல் செய்துதந்த ஐயருக்கும், உணவு கொண்டுவந்தும் தோள் கொடுத்தும் நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வராமல் இருந்தவர்கள் மீதும் எனக்குக் குறையில்லை. நான் உங்களுக்கு வேறொரு மனிதரைக் காட்டி வைத்திருந்தேன். உங்களிடமும் அண்ணாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களிடம் கேட்கலாம், பதிலும் கிடைக்கும்.

எட்டு முடிந்த மறுநாள் நான் தனியாகப் பீலுக்குப் போனேன். பாக்கியமக்கா மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். எழுபத்தேழு வயது. நான் கதிரையில் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னது, கண்ணால் தடுத்தது, காரில் இடமில்லை என்றது, எல்லாம். முடிந்த பிறகு, "சாப்பிட்டவனோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அக்கா. இரண்டு நாளும் சாப்பிட்டவனாம்."

"என்ன குடுத்தவர்?"

"சோறும் பருப்பும். ரெண்டாம் நாள் ஒரு முட்டைப் பொரியலும்."

"முட்டைப் பொரியல்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். முகத்தைத் துடைத்தார். பிறகு, "என்னைக் கேட்டவனோ பிள்ளை?" என்றார்.

"உங்களுக்குச் சொல்லச் சொல்லி ஏதோ சொன்னவனாம் அக்கா. அண்ணை அதை உங்களுக்குத்தான் சொல்லுவன் எண்டிட்டார். எனக்கு என்னெண்டு தெரியாது."

பாக்கியமக்கா என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தினை நாள் ஆசுப்பத்திரியில கிடந்தவர்?"

"இரண்டு மாதம்."

"பீலில இருந்து அங்க வர ஒரு மணித்தியாலம்தானே பிள்ளை" என்றார்.

"ஓம் அக்கா" என்றேன். "ஒரு மணித்தியாலம்தான்."